சிங்கள சினிமாவில் குழந்தை நட்சத்திரங்கள் கதாநாயகி ஆவது ஏன் இவ்வளவு அரிது?

கேள்வி இதுதான்: "சரோஜா என்ற சிங்களப் படம் பார்த்தேன். அதில் வரும் இரண்டு சிறுமிகளும் மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் ஸ்ரீதேவி, மீனா, ஷாலினி மாதிரி சிங்களத்திலும் குழந்தை நட்சத்திரமாக வந்து கதாநாயகியாக வளர்ந்தவர்கள் உண்டா? இருந்தால் யார்? இல்லையென்றால் ஏன் இல்லை?"

உண்டு, ஆனால் விரல் விட்டு எண்ணலாம். ஏன் என்பதுதான் சுவையான பகுதி. அதற்குக் கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும்.

நான் கொழும்பில் வளர்ந்தவன். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தோடு சேர்ந்து தொலைக்காட்சி பார்த்துத்தான் சிங்களம் படித்தேன். பிறகு சில வருடங்கள் சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களுக்குத் தமிழ் வசனம் எழுதிப் பிழைத்தேன். அதனால் படப்பிடிப்புத் தளங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தளவில்தான் பேசுகிறேன்.

சிங்களத்தில் குழந்தை நடிகையை 'லமா நிளிய' என்பார்கள். லமா என்றால் சிறுவர், நிளிய என்றால் நடிகை. தமிழில் 'பேபி' என்று பெயருக்கு முன்னால் ஒட்டிவிட்டால் அதுவே ஒரு பட்டம், ஒரு வியாபாரக் குறி. 1937இல் பேபி சரோஜா நடித்த படம் ஓடியபோது பிறந்த பெண் குழந்தைகளுக்கெல்லாம் சரோஜா என்று பெயர் வைத்தார்களாம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மாதிரி ஒரு மோகம் சிங்களத்தில் எந்தச் சிறுமியையும் சுற்றி எழுந்ததில்லை. அங்கே நினைவில் நிற்பது பாத்திரத்தின் பெயர். 'ரேகாவ படத்து அனுலா' என்றால் ஒரு தலைமுறைக்கே தெரியும். அனுலாவாக நடித்த பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் விழிப்பார்கள்.

சரி, அந்த அனுலாவிடமிருந்தே தொடங்குவோம்.

1956 டிசம்பர் 28ஆம் தேதி இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வெளியானது. அதுவரை சிங்களப் படம் என்றாலே பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோவில் தீட்டிய திரைக்கு முன்னால், தமிழ், இந்திப் படங்களின் அச்சில் எடுக்கப்பட்டது. முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' உருவானதே மதுரையில்தான். எஸ். எம். நாயகம் என்ற தமிழர் தயாரித்து, 1947 ஜனவரி 21ஆம் தேதி கொழும்பு கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில் திரையிட்டார். அந்தக் காலத்துப் படங்களில் சிறுமிக்கு இருந்த வேலை உங்களுக்கும் பழக்கமானதுதான். நாயகியின் சின்ன வயதைக் காட்டவேண்டும், ஒரு பாட்டுக்கு ஓடவேண்டும், சரணம் முடிவதற்குள் அதே பாட்டில் வளர்ந்துவிடவேண்டும். முகம் பார்வையாளர் மனதில் பதிவதற்கு முன்பே ஆள் மாறியிருக்கும்.

லெஸ்டரும் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் படத்தொகுப்பாளர் டைட்டஸும் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். வேலையை விட்டுவிட்டு வந்து, ஸ்டூடியோவுக்குள் போகாமல், வெயிலில், உண்மையான கிராமத்தில் எடுத்த படம் ரேகாவ. மையப் பாத்திரங்கள் இரண்டு பிள்ளைகள். சேனா என்ற பையன், அவன் தோழி அனுலா. சேனாவாக சோமபால தர்மப்பிரிய, அனுலாவாக மேர்ட்டல் பெர்னாண்டோ.

கதை சின்னது. பொய்க்கால் கட்டி ஆடிக்கொண்டு ஊருக்கு வரும் ஒருவன் சேனாவின் கைரேகை பார்த்து, இவன் பெரிய வைத்தியனாவான் என்று சொல்லிவிட்டுப் போகிறான். ரேகாவ என்றாலே கைரேகைதான். பிறகு ஒருநாள் அனுலாவுக்குக் கண் தெரியாமல் போகிறது. ஊர் வைத்தியரால் ஒன்றும் முடியவில்லை. சேனா அவள் கண்களில் கை வைக்கிறான். பார்வை திரும்புகிறது. அதற்கப்புறம் ஊர் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பையனை வைத்துக் காசு பார்க்கத் தொடங்குகிறார்கள், நினைத்தபடி நடக்காதபோது அவன் மேலேயே பாய்கிறார்கள்.

அந்தக் கண் தெரியாத பகுதியில் மேர்ட்டலைக் கவனியுங்கள். நம் படங்களில் குருட்டு வேடம் என்றால் கண்ணை மேலே செருகிக்கொண்டு, கையை முன்னால் நீட்டிக்கொண்டு தடுமாறுவார்கள். இந்தப் பிள்ளை அப்படி எதுவும் செய்வதில்லை. பேசுகிறவர் பக்கம் முகத்தைத் திருப்புவதற்கு அரை நொடி தாமதிக்கிறாள், அவ்வளவுதான். யாரோ சொல்லிக்கொடுத்த நடிப்பாக அது தெரியவில்லை. காமிராவும் அவளைக் கிட்டப் போய்ப் பிழிந்து அழவைக்கவில்லை. படம் 1957இல் கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவுக்குப் போனது. உள்ளூரில் காசு பார்க்கவில்லை. ஆடல் பாடல் சண்டை எதிர்பார்த்து வந்த கூட்டத்துக்கு அது ஏதோ வேற்றூர்ப் படம் மாதிரி இருந்திருக்கிறது.

இங்கேதான் முதல் காரணம் இருக்கிறது. சிங்களத்தில் குழந்தைகளுக்கு நல்ல பாத்திரம் எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட கதைக்கு ஒரு குறிப்பிட்ட பிள்ளையைத் தேடிய இயக்குநர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது அனுலா. அடுத்த படத்தில் அவர்களுக்கே அந்தப் பிள்ளை தேவைப்படவில்லை. மசாலாப் படக்காரர்களுக்கோ கிராமத்துப் பிள்ளையின் அமைதியான முகம் ஒன்றுக்கும் ஆகாது. ஒரு வாசல் திறக்கும்போதே அடுத்த வாசல் இல்லை.

இரண்டாவது காரணம் சந்தை. ஸ்ரீதேவியை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வயதில் வந்தார். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று எல்லா மொழிக்கும் ஒரே கோடம்பாக்கத்தில் வேலை இருந்தது. ஒரு மொழியில் வாய்ப்புக் குறைந்தால் அடுத்த மொழி. பதின்மூன்று வயதில், 1976இல், 'மூன்று முடிச்சு' படத்தில் நாயகியாகவே நிற்கிறார். நடுவில் அவர் காணாமல் போன வருடமே இல்லை. ஷாலினி மலையாளத்தில் கிளம்பித் தமிழுக்கு வந்து, இடைவெளி விட்டு, 1997இல் இரண்டு மொழியிலும் நாயகியாகத் திரும்பினார். அவர் போயிருந்த காலத்திலும் சனம் மறக்காதபடி அத்தனை படங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

சிங்களத்துக்கு ஒரே தீவு. ஆண்டுக்கு இருபது, முப்பது படம். ஆனால் பார்வையாளர் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். 1979இல் இலங்கையில் விற்ற சினிமா டிக்கெட் ஏழு கோடிக்கும் மேல். அப்போது நாட்டின் சனத்தொகை ஒன்றரைக் கோடிகூட இல்லை. கைக்குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு ஐந்து தடவை தியேட்டருக்குப் போயிருக்கிறார்கள்! அந்தப் பொற்காலத்தில்கூட ஒரு சிறுமிக்கு வருடத்துக்கு நாலு நல்ல வேடம் என்று கிடைக்க வழியில்லை. அப்புறம் 1982இல் ரூபவாஹினி என்ற அரசுத் தொலைக்காட்சி வந்தது, 83இல் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது, எண்பதுகளின் கடைசியில் ஜேவிபி என்ற சிங்கள இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சியில் இரவுக் காட்சி என்பதே இல்லாமல் போனது. குடும்பம் வீட்டுக்குள் போய்விட்டது. பிள்ளைகளுக்கான வேடங்களும் வீட்டுக்குள், அதாவது தொலைக்காட்சி நாடகத்துக்குள் போய்விட்டன.

83 என்றதும் ஒன்று சொல்லவேண்டும். அந்த ஜூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவுக்குத் தீ வைத்தார்கள். அது கே. குணரத்தினம் என்ற தமிழ்த் தொழிலதிபருடையது. எரிந்தவை தமிழர் சொத்து என்று நினைத்துத்தான் எரித்திருப்பார்கள். உள்ளே இருந்தவை சிங்களப் படங்களின் மூல நெகட்டிவ்கள். ஐம்பது, அறுபதுகளின் குழந்தை நடிகைகள் பற்றி இன்று பேசுவதற்கு இவ்வளவு குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நடித்தது யார் என்று பெயர்ப் பட்டியலில் இருக்கும், பார்ப்பதற்குப் படம் இருக்காது.

மூன்றாவது காரணத்தை வெளியூரில் இருப்பவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். பரீட்சை.

இலங்கைப் பெற்றோருக்குப் பிள்ளையின் வாழ்க்கை மூன்று மைல்கற்களால் ஆனது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை, பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரியான சாதாரண தரம், பல்கலைக்கழகத்துக்கு வழியான உயர்தரம். புலமைப்பரிசிலில் நல்ல புள்ளி எடுத்தால் கிராமத்துப் பிள்ளை கொழும்பின் பெரிய பாடசாலைக்குப் போகலாம். அதனால் பத்து வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் அந்த வருடம் கல்யாணம் காட்சிக்குக்கூடப் போகமாட்டார்கள். குழந்தை நடிகைக்கு மிக நல்ல வயது எது? எட்டிலிருந்து பத்து. இரண்டும் ஒரே இடத்தில் மோதுகின்றன.

நான் வசனம் எழுதிய ஒரு நாடகத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். காட்சிக்குக் காட்சி நடுவே அவள் அம்மா பழைய புலமைப்பரிசில் வினாத்தாள் கட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். உதவி இயக்குநர் "நங்கி, ஷாட் ரெடி" என்று கூப்பிட்டால், பென்சிலைக் காதில் செருகியபடியே எழுந்து வருவாள். செத்துப்போன அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று அழுவாள். 'கட்' சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், மிச்சக் கணக்கைச் செய்வாள். எழுத்து வசனம் அவளுக்குக் கொடுப்பதே இல்லை. உதவி இயக்குநர் வாயால் சொல்வார், இரண்டு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வாள். மூன்றாவது தடவை சொன்னால் அவருடைய ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள் என்பதால் இரண்டோடு நிறுத்திவிடுவார்.

அந்தப் படப்பிடிப்பு நடுவில் பணம் இல்லாமல் நின்றது. இது எங்கள் ஊரில் புதிதல்ல. ஆறு மாதம் கழித்துத் திரும்பக் கூடியபோது பிள்ளைக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. கதைப்படி அடுத்த நாள் காலைதான். ஒப்பனைக்காரர் மெழுகில் பல் செய்து ஒட்டிப் பார்த்தார், பேசினால் விழுந்தது. கடைசியில் வாயை மூடிக்கொண்டிருக்கும்படியாகக் காட்சியை மாற்றினார்கள். அவள் பேசவேண்டிய நாலு வரி பாட்டிக்குப் போனது. 'அடுத்த நாள்' அந்தச் சிறுமி ஏன் திடீரென்று இவ்வளவு சோகமாக, ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறாள் என்று பார்த்தவர்கள் பாராட்டினார்களாம். பல்தான் காரணம்.

அதற்கடுத்த வருடம் அவளைக் காணவில்லை. பரீட்சை. பிறகு பெரிய பாடசாலை. பிறகு சாதாரண தரம்.

சரி, அப்படியானால் சிங்களக் கதாநாயகிகள் எங்கிருந்துதான் வந்தார்கள்? இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. தமிழில் வாசல் நாலு, ஐந்து வயதிலேயே திறக்கிறது. சிங்களத்தில் அது பதினாறு, பதினேழில் திறக்கிறது. வெள்ளைச் சீருடை, கழுத்துப்பட்டி, இரட்டைப் பின்னல் போட்ட பாடசாலை மாணவி என்பது சிங்கள சினிமாவின் தனி நாயகி வகை. நாவலாசிரியர் கருணாசேன ஜயலத் அந்த வயதுக் காதலை எழுதியே புகழ்பெற்றவர். அவர் கதையை வைத்து 1968இல் லெஸ்டர் 'கொளு ஹதவத்த' எடுத்தார். அதில் தம்மி என்ற மாணவியாக அனுலா கருணாதிலக நடித்தார். சுவர்ணா மல்லவாரச்சி பதின்ம வயதிலேயே 1967இல் 'சத் சமுதுர' மூலம் வந்து, பிறகு சிங்களத்தின் மிக வலிமையான நடிகைகளில் ஒருவரானார்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது 1978இல் வந்த 'கெஹெனு லமை'. தலைப்புக்குப் 'பெண் பிள்ளைகள்' என்று பொருள். லெஸ்டரின் மனைவி சுமித்ரா பீரிஸ் இயக்கிய முதல் படம். இலங்கையில் முழுநீளப் படம் இயக்கி நிலைத்த முதல் பெண் அவர். இதுவும் கருணாசேன ஜயலத் நாவல்தான். ஒளிப்பதிவு எம். எஸ். ஆனந்தன். குசும் என்ற ஏழை மாணவியாக வசந்தி சதுராணி நடித்தார். நடிக்கும்போது அவரே பள்ளி மாணவி. குழந்தை நடிகை என்று சொல்ல முடியாத, பெரிய நடிகை என்றும் சொல்ல முடியாத அந்த இடைப்பட்ட வயது.

குசும் வசதியான வீட்டுப் பையன் ஒருவனை விரும்புகிறாள். அதற்காக ஊரைக் கூட்டுவதில்லை, ஓடிப்போவதில்லை. வீட்டில் என்ன எதிர்பார்க்கிறார்களோ அதைச் செய்துகொண்டே உள்ளுக்குள் சுருங்கிப் போகிறாள். வசந்தியின் முகத்தில் அந்தச் சுருங்குதலைப் பார்க்கலாம். பயிற்சி பெற்ற நடிகை ஒருத்தி செய்தால் அதில் எங்கோ ஒரு அலங்காரம் வந்துவிடும். இதில் இல்லை. அந்தப் படம் லண்டன் திரைப்பட விழாவுக்குப் போனது. 2025இல் புதுப்பிக்கப்பட்ட பிரதி கான் விழாவின் செவ்வியல் பிரிவில் திரையிடப்பட்டது. அந்தப் புதுப்பிப்பைச் செய்தது இந்தியாவில் இருக்கும் பிலிம் ஹெரிட்டேஜ் பவுண்டேஷன். சுமித்ரா 2023 ஜனவரியில் காலமாகிவிட்டார். அதைப் பார்க்க அவர் இல்லை.

அதற்குப் பிறகு வசந்திக்கு ஏறுமுகம்தான். 1980இல் சுமித்ராவே இயக்கிய 'கங்கா அத்தர' படத்தில் விஜய குமாரதுங்கவோடு நடித்தார், பெரிய வெற்றி. அதன் பாட்டுகளை இன்றும் பேருந்தில் கேட்கலாம். பிறகு தொலைக்காட்சியிலும் நீண்ட காலம். ஆக, சிங்களத்தில் ஒரு பெண்பிள்ளை சின்ன வயதில் வந்து நிலைத்ததற்கு உதாரணம் கேட்டால் நான் முதலில் சொல்வது வசந்தி. ஆனால் அவருக்கு வாசல் திறந்தபோது அவர் 'பேபி' இல்லை.

நிஜமாகவே சின்னக் குழந்தையாகத் திரையில் வந்து நாயகியானவர் என்றால் சபீதா பெரேரா. அவருடைய அப்பா ஸ்டான்லி பெரேரா, அம்மா கர்லி குணவர்த்தன, இருவருமே நடிகர்கள். படப்பிடிப்புத் தளம் அவருக்கு வீட்டு முற்றம் மாதிரி. எண்பதுகளில் முன்னணி நாயகி. இவர் விதிவிலக்கு, அந்த விதிவிலக்கும் விதியைத்தான் காட்டுகிறது. பரீட்சை, ஊர்ப் பேச்சு, யார் கூட்டிக்கொண்டு போவது, யார் கூட்டிக்கொண்டு வருவது என்ற கவலை எதுவும் இல்லாத சினிமாக் குடும்பத்துப் பிள்ளைதான் அப்படி நீடிக்க முடிந்தது.

'சிங்களத் திரையின் அரசி' என்று கொண்டாடப்பட்டு 2025 மே மாதம் மறைந்த மாலினி பொன்சேகாவை எடுத்துக்கொண்டால், அவருடைய முதல் படத்தின் பெயரே வேடிக்கை: 'புஞ்சி பபா', அதாவது சின்னப் பாப்பா. 1968. ஆனால் அதில் பாப்பா வேறு, இவர் வளர்ந்த பெண், இருபதை ஒட்டிய வயது. மேடையிலிருந்து வந்தவர்.

மேடை என்றதும் ருக்மணி தேவியைச் சொல்லாமல் போனால் பாவம். சிங்களத் திரையின் முதல் நாயகி, மதுரையில் எடுத்த அந்த முதல் படத்தின் நாயகி. பிறந்தபோது பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். 1923இல் நுவரெலியாப் பக்கத்து ரம்பொடையில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஏழு வயதில் சால்வேஷன் ஆர்மி போட்ட நத்தார் (கிறிஸ்துமஸ்) நாடகம் ஒன்றில் மேடை ஏறினார். பதினாறு வயதில், 1939இல், எச். டபிள்யூ. ரூபசிங்கவோடு அவர் பாடிய 'சிரி புத்தகயா விஹாரே' இசைத்தட்டாக வந்தது. பௌத்த பக்திப் பாட்டு. பாடியது தமிழ்க் கிறிஸ்தவப் பெண்பிள்ளை. பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக் காலத்தில் இன்றும் அது கேட்கிறது. பேசும் படம் சிங்களத்தில் பத்து வருடம் முன்னால் வந்திருந்தால், சிங்களத்தின் முதல் குழந்தை நட்சத்திரம் ஒரு தமிழ்ச் சிறுமியாக இருந்திருப்பாள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. சினிமா வந்தபோது அவருக்கு 24 வயதாகிவிட்டது.

இப்போது நீங்கள் பார்த்த 'சரோஜா'வுக்கு வருகிறேன்.

2000இல் வந்த படம். இயக்கம் சோமரத்ன திசாநாயக்க, தயாரிப்பு அவருடைய மனைவி ரேணுகா பாலசூரிய. யுத்தம் உச்சத்தில் இருந்த காலம். காயப்பட்ட புலி உறுப்பினர் ஒருவரும் அவருடைய மகளும் சிங்களக் கிராமத்துப் பக்கம் வந்து ஒளிகிறார்கள். ஊர் ஆசிரியரின் மகள் வருணி அந்தச் சிறுமியைக் கண்டுபிடிக்கிறாள். ஆசிரியராக ஜனக கும்புககே, மனைவியாக நீதா பெர்னாண்டோ. வருணியாக பிரமுதி கருணாரத்ன, சரோஜாவாக நித்தியவாணி கந்தசாமி.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு விஷயம் சட்டென்று படாமல் போகலாம். சிங்களப் படத்தில் தமிழ்ப் பாத்திரம் என்றால் பல காலமாக யாரோ ஒரு சிங்கள நகைச்சுவை நடிகர் நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு, கொச்சைச் சிங்களம் பேசி, சிரிப்பு மூட்டிவிட்டுப் போவார். தோட்டத்து வேலையாள், வட்டிக்காரர், கடைக்காரர், இப்படி. சரோஜாவில் தமிழ்ச் சிறுமியாகத் தமிழ்ச் சிறுமியே வருகிறாள். அவள் பேசும் தமிழ் எழுதிக்கொடுத்த தமிழ் மாதிரி இல்லை, வாயில் பிறந்த தமிழ். இரண்டு பிள்ளைகளுக்கும் பொது மொழி இல்லை. அதைப் பிரமுதியும் நித்தியவாணியும் கையாலும் கண்ணாலும் சமாளிப்பதுதான் படத்தின் உயிர். பெரியவர்கள் பேசும் பகுதிகளில் படம் கொஞ்சம் பாடம் நடத்துகிறது என்பது என் அபிப்பிராயம். பிள்ளைகள் மட்டும் இருக்கும் பகுதிகளில் பாடம் நின்றுவிடுகிறது.

குறையையும் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருக்கு இந்தப் படமே பிடிக்கவில்லை. "நல்ல தமிழர் என்றால் சின்னப் பிள்ளையாக இருக்கவேணும், காப்பாற்றப்பட வேணும்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிங்கள சினிமா சிறுமிகளைப் பயன்படுத்தும் விதமே பெரும்பாலும் இதுதான். பெரியவர்களின் மனசாட்சியைத் தட்டும் கை. அனுலாவும் அப்படித்தான், சரோஜாவும் அப்படித்தான். 2002இல் இதே இயக்குநர் எடுத்த 'புஞ்சி சுரங்கனாவி'யிலும் சிங்களப் பணக்கார வீட்டுப் பையன் ஒருவனைத் தேற்றுவது தமிழ்ச் சிறுமி ஒருத்திதான். தலைப்பே 'சின்னத் தேவதை'. தேவதைக்கு வயது ஏறுவதில்லை, ஆசை கோபம் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட வேடத்தில் பார்த்த பிள்ளையை அடுத்து என்ன வேடத்தில் போடுவது என்று எந்தத் தயாரிப்பாளருக்கும் தெரிவதில்லை. நண்பரின் கோபத்தை ஏற்றுக்கொண்டு, ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்: 'சரோஜா'வை நான் 2000இல் கொழும்பில் சிங்களக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்டிவிட்டுத்தான் தியேட்டர் பக்கமே போகமுடியும். உள்ளே ஒரு தமிழ்ப் பிள்ளை திரையில் அழுதபோது எனக்கு முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் சத்தமாக "அனே" என்றார். ஐயோ பாவம் என்பதற்குச் சிங்களத்தில் அந்த ஒரு சொல்தான். தியேட்டரில் தமிழ்க் குரலுக்கு அப்படி ஒரு பதிலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இன்னொரு வேடிக்கை, அல்லது வேதனை. இரண்டு சிறுமிகளை வைத்துப் பேர் வாங்கிய இதே சோமரத்ன திசாநாயக்க, 2004இல் 'சூரிய அரண' எடுத்தபோது மையத்தில் பையன்கள் வந்துவிட்டார்கள். வேட்டைக்காரன் மகன் ஒருவன், குட்டிப் பிக்கு ஒருவன். வசூல் கொட்டியது. 2008இல் 'சிரி ராஜ சிரி', அதிலும் பையன். புலமைப்பரிசிலில் தேறிக் கொழும்புப் பெரிய பாடசாலைக்கு வரும் கிராமத்துப் பிள்ளையின் கதை அது. குழந்தைகள் படம் என்பது காசு வரும் சரக்கு என்று ஆன அந்தக் காலத்தில், சிறுமி ஓரத்துக்குப் போய்விட்டாள். பையன் காட்டுக்குள் ஓடலாம், மரத்தில் ஏறலாம், துறவியாகலாம், ராஜா வேடம் போடலாம். சிறுமிக்கு அழுவதையும் சிரிப்பதையும் தவிர என்ன எழுதுவது என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

பல் விழுந்த அந்தப் பிள்ளையைச் சில வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில் பேருந்துக்குள் பார்த்தேன். அவள்தான் என்னை அடையாளம் கண்டு "மாமே" என்று கூப்பிட்டாள். கணக்கியல் படிக்கிறாளாம். இப்போதும் யாராவது கண்டுபிடிப்பார்களா என்று கேட்டேன். நாடகத்தில் வந்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் உண்டு, நானும் திரும்பிப் பார்ப்பேன் என்றாள். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாதது நல்லதுதான், வங்கியில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது யாரும் "அழுது காட்டு" என்று கேட்கமாட்டார்கள் என்று சிரித்தாள். பற்கள் வரிசையாக இருந்தன.

நீங்கள் மேலும் பார்க்க விரும்பினால் இந்த வரிசையில் பாருங்கள்: முதலில் 'கெஹெனு லமை', புதுப்பித்த பிரதி எங்காவது திரையிட்டால் விடாதீர்கள். அடுத்து 'ரேகாவ'. அதற்குப் பிறகு 'சரோஜா'வை இன்னொரு தடவை. இந்தத் தடவை பெரியவர்கள் பேசும்போதெல்லாம் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பிள்ளைகள் இருவரும் மட்டும் இருக்கும் இடங்களில் கூட்டிக்கொள்ளுங்கள். சிங்களம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வருணிக்கும் தமிழ் தெரியாது.